சோபாவின் காலைப் பார்த்தது போதும், அடிப்பக்கத்தைப் பாருங்கள்

ஒல்லியான கால்கள், நேர்க்கோடான மரச்சட்டம், மெல்லிய குஷன், தரைக்கும் இருக்கைக்கும் நடுவே தாராளமான இடைவெளி. கடைகளில் ‘மிட்-செஞ்சுரி’ என்று சொல்லப்படும், 1950களையும் 60களையும் ஒட்டிய இந்தச் சோபாவைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன. சோபா கட்டுவதும் பழையதைப் பிரித்துத் திரும்பக் கட்டுவதும்தான் என் தொழில். எனக்கு மிகவும் பிடித்த வடிவமும் இதுதான். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கடையில் உட்கார்ந்தபோது சுகமாக இருந்தது. நண்பர் வீட்டில் அதே மாதிரி சோபாவில் அரை மணி நேரம் உட்கார்ந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. இந்த வகையே முதுகுக்கு ஆகாதா, ஐயா?

வகையின் மேல் பழி போடாதீர்கள். மனித உடலை அளந்து பார்த்து வளர்ந்த மரபு இது. டென்மார்க்கில் காரே கிளிண்ட் என்ற வடிவமைப்பாளர் உடல் அளவுகளிலிருந்துதான் மரச்சாமானின் அளவு பிறக்க வேண்டும் என்று கற்பித்தார். அவரிடம் பயின்ற போர்ஜ் மோகென்சன் 1945-இல் வடிவமைத்த, மரக்குச்சிகள் வரிசையாக நிற்கும் முதுகுடைய சோபா இன்றும் பெயர் சொல்லி நிற்கிறது. அதே காலத்தில் ஸ்வீடனில் பெங்ட் ஆக்கர்ப்ளோம் என்ற மருத்துவர் உட்காரும் நிலையை ஆராய்ந்து, முதுகின் கீழ்ப்பகுதிக்கு இருக்கை தாங்கல் தர வேண்டும் என்று 1948-இல் எழுதினார்.

அப்படியானால் உங்கள் இடுப்பு ஏன் பிடித்தது? பெரும்பாலும் ஆழம்தான் காரணம். பழைய வடிவத்தின் காலையும் கைப்பிடியையும் எடுத்துக்கொண்டு, இருக்கையை மட்டும் இன்றைய படுத்துக்கொள்ளும் சோபாவின் அளவுக்கு, 60 சென்டிமீட்டருக்கும் மேலே, இழுத்துவிடுகிறார்கள். அதில் முதுகு சாய்மானத்தைத் தொட வேண்டுமானால் முழங்காலின் பின்பக்கம் குஷன் விளிம்பில் இடிக்கும். இடிக்காமல் இருக்க நாம் முன்னால் சரிந்து உட்காருவோம். இடுப்பெலும்பு பின்னால் உருளும், கீழ் முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடும், தாங்க அங்கே எதுவும் இருக்காது. ஐந்து நிமிடத்தில் இது தெரியாது. அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

கடைக்குப் போவதற்கு முன் உங்களை அளந்துகொள்ளுங்கள். கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பின்புறத்திலிருந்து முழங்காலின் பின் மடிப்பு வரை ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். அதில் 5 சென்டிமீட்டர் கழித்தால் வருவதே உங்களுக்கான ஆழம். பலருக்கும் அது 45-லிருந்து 52-க்குள் வரும். சோபாவில் இந்த ஆழத்தை அளக்கும்போது சட்டத்தின் ஆழத்தை எடுக்காதீர்கள். முதுகுக் குஷனின் முகப்பிலிருந்து இருக்கையின் முன் விளிம்பு வரை எடுங்கள். குஷன் 12 சென்டிமீட்டர் தடிமன் என்றால் சட்டத்தின் ஆழத்தில் அவ்வளவும் போய்விடும்.

சாய்மானக் கோணமும் முக்கியம். இருக்கைக்கும் முதுகுக்கும் நடுவே 100 முதல் 110 பாகை வரை இருப்பது நல்லது. ஸ்வீடனின் எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் முதுகெலும்பு வட்டுக்குள் (டிஸ்க்) ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். சற்றுப் பின்னால் சாய்ந்து, இடுப்புக்குத் தாங்கலும் இருந்தால் அந்த அழுத்தம் குறைகிறது என்று அவரும் உடன் பணியாற்றியவர்களும் அடுத்தடுத்த சோதனைகளில் கண்டார்கள். கட்டை போல நேராக நிற்கும் முதுகும் வேண்டாம், படுக்கை போல விழும் முதுகும் வேண்டாம்.

கடையில் இருபது நிமிடம் உட்காருங்கள். விற்பவர் பக்கத்தில் நின்றால் கூச்சமாக இருக்கும்தான். பத்து வருடம் உட்காரப் போகிற இடத்துக்கு இருபது நிமிடம் கேட்பதில் தவறே இல்லை.

அம்மாவுக்கு எழுபத்து மூன்று வயது. சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டியிருக்கிறது. உயரமான, நல்ல மெத்தென்ற சோபா வாங்கலாமா?

உயரம் சரி. மெத்தென்றது மட்டும் வேண்டவே வேண்டாம். அம்மாவை நினைத்து வாங்குகிறீர்கள் என்றால் இந்த ஒன்றை மறக்காதீர்கள்: உடம்பு அமுங்க அமுங்க, எழுவதற்கு முழங்கால் படும் பாடு கூடுகிறது. உட்காரும்போது பின்புறம் முழங்காலைவிடத் தாழ்ந்துபோனால் வயதானவர்கள் தானாக எழுவது மிகவும் கடினம்.

நாம் எப்படி எழுகிறோம் என்று ஒரு முறை கவனித்துப் பாருங்கள். முதலில் பாதங்களைப் பின்னால் இழுப்போம். குதிகால் முழங்காலுக்குப் பின்னே போகும். பிறகு உடம்பை முன்னால் சாய்த்து, கையை ஊன்றி, எழுவோம். தரை வரை துணி மூடிய சோபாவில் குதிகால் போக இடமே இல்லை. கால் வைத்த மிட்-செஞ்சுரி சோபாவில் அந்த இடம் இருக்கிறது. இது அழகுக்கு மட்டும் விட்ட இடைவெளி இல்லை, அம்மாவின் குதிகாலுக்கு வழிவிடும் இடைவெளி.

அதனால் அவருக்கு இந்த வடிவம் பொருந்தும், சில நிபந்தனைகளோடு. இந்த வகையில் பல சோபாக்கள் 40 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றுவிடும். அவருக்கு 45-லிருந்து 48 வரை தேவைப்படலாம். அதையும் அவர் உட்கார்ந்து குஷன் அமுங்கிய பிறகு அளக்க வேண்டும். பாதம் தரையில் முழுதாகப் பாவ வேண்டும். கைப்பிடி இருக்கையைவிட 20 சென்டிமீட்டர் அளவுக்கு மேலே, இருக்கையின் முன் விளிம்பு வரை நீண்டு, அவர் முழு எடையைப் போட்டாலும் அசையாத மரமாக இருக்கட்டும். பாதியிலேயே நின்றுவிடும் கைப்பிடி எழும் நேரத்தில் கைகொடுக்காது. இருக்கை பின்னால் அதிகம் சரிந்திருந்தாலும் எழுவது கடினம்.

ஏற்கெனவே இருக்கிற சோபாவின் கால்களைக் கழற்றி உயரமான கால் மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் என்றால் செய்யலாம். அதற்கு மேல் போனால் இணைப்பின் மேல் பளு கூடும். அடியில் செங்கல் வைத்து உயர்த்துவது ஆபத்து, வேண்டாம்.

‘ஹை டென்சிட்டி ஃபோம்’ என்று சொல்லி விற்றார்கள். ஒரே வருடத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா?

ஹை டென்சிட்டி என்ற சொல்லுக்கு மட்டும் ஒரு பொருளும் இல்லை. எண் வேண்டும். ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதுதான் டென்சிட்டி. தினமும் உட்காரும் இருக்கைக்கு 35-க்குக் குறையாமல் கேளுங்கள். 20, 22 என்றிருந்தால் சீக்கிரமே தொய்ந்துவிடும்.

எடை போட்டே கண்டுபிடிக்கலாம். குஷன் உறையைக் கழற்றி ஃபோமை வெளியே எடுங்கள். 60 சென்டிமீட்டர் நீளம், 55 அகலம், 12 தடிமன் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் மீட்டராக்கிப் பெருக்கினால் 0.0396 கன மீட்டர். 35 டென்சிட்டி என்றால் அந்தத் துண்டு ஏறத்தாழ 1.4 கிலோ இருக்க வேண்டும். தராசு 800 கிராம் காட்டினால் உங்களுக்குக் கொடுத்தது 20 டென்சிட்டிதான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். டென்சிட்டி வேறு, கடினம் வேறு. கல் மாதிரி அழுத்தமாக இருக்கும் ஃபோம் லேசானதாகவும் இருக்கலாம். கடையில் கெட்டியாகத் தெரிந்து, வீட்டில் ஆறே மாதத்தில் தொய்ந்துபோவது இதுதான். டென்சிட்டி ஆயுளைச் சொல்லும், கடினம் உட்காரும் உணர்வைச் சொல்லும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஆனால் புது ஃபோம் வாங்குவதற்கு முன் குஷனை எடுத்துவிட்டு அடியில் கையை வைத்து அழுத்திப் பாருங்கள். பெரும்பாலும் தொய்ந்திருப்பது அங்கேதான். இந்த வகைச் சோபாவின் மெல்லிய குஷன் தனியாக வேலை செய்வதில்லை. 1940களின் கடைசியில் பிரெல்லி என்ற டயர் நிறுவனத்தின் ரப்பர் பெல்ட்டும் ஃபோம் ரப்பரும் மரச்சாமானுக்குள் வந்தன. இத்தாலியில் மார்க்கோ சனுசோ என்ற வடிவமைப்பாளர் 1951-இல் இவற்றைக் கொண்டே தன் ‘லேடி’ நாற்காலியைக் கொண்டுவந்தார். கனத்த ஸ்பிரிங் மெத்தை இல்லாமலே உட்கார முடியும் என்று ஆனதும்தான் சோபா இளைத்தது. அடியில் இழுத்துக் கட்டிய பெல்ட் தாங்கும், மேலே குஷன் மெதுவாக ஏந்தும். இந்த இரண்டும் சேர்ந்ததே அந்த வடிவம். இன்று கால்களை நகலெடுக்கிறார்கள், குஷனின் மெலிவை நகலெடுக்கிறார்கள், அடியில் இருப்பதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு முறை, வாங்கி எட்டு மாதமே ஆன சோபா ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார்கள். கவிழ்த்துப் போட்டு அடியிலிருந்த கறுப்புத் துணியை உரித்தேன். மூன்று பேர் உட்காரும் இடத்துக்கு மொத்தம் நான்கே பெல்ட். அவற்றையும் மரத்தூள் பலகையில் ஸ்டேப்பிள் பின் போட்டு இறுக்கியிருந்தார்கள். பின்கள் பாதி வெளியே வந்து, சுற்றிலும் பலகை பிஸ்கட் போல உதிர்ந்திருந்தது. மேலே தேக்கு நிறத்தில் பளபளக்கும் கால்கள். அந்த வீட்டார் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் அடியைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். பெல்ட் என்றால் குறுக்கும் நெடுக்குமாக, நெருக்கமாகப் பின்னியிருக்க வேண்டும். ஜிக்-ஜாக் ஸ்பிரிங் என்றால் ஓர் இருக்கைக்கு நான்கைந்து இருந்து, அவற்றைக் குறுக்கே ஒன்றோடொன்று பிணைத்திருக்க வேண்டும்.

இவ்வளவு மெல்லிய கால் மூன்று பேர் எடையைத் தாங்குமா?

தாங்கும், கால் சரியாகப் பொருத்தப்பட்டிருந்தால். ஒடிவது பெரும்பாலும் காலல்ல, கால் சேரும் இடம். சாய்வாக நிற்கும் கால் நெம்புகோல் போல அந்த இணைப்பை விரிக்கப் பார்க்கும். அதனால் கால் மரச்சட்டத்தோடு சேர்ந்ததாகவோ, கெட்டியான மரத்தில் பதித்த இரும்பு மரையில் திருகியதாகவோ இருக்க வேண்டும். மெல்லிய பலகையில் சின்ன ஸ்குரூ போட்டது நிற்காது. 180 சென்டிமீட்டரைத் தாண்டும் சோபாவுக்கு நடுவிலும் ஒரு கால் கேளுங்கள்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். முன்பக்கத்தின் ஒரு மூலையைப் பிடித்து 15 சென்டிமீட்டர் தூக்குங்கள். அதற்குள் முன்பக்கத்தின் மற்றொரு காலும் தரையை விட்டு எழுந்துவிட வேண்டும். அது தரையிலேயே கிடந்தால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது என்று அர்த்தம்.

வீட்டில் பெருக்கும்போது சோபாவைத் தரையில் இழுக்காதீர்கள். இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வையுங்கள்.

என் கணவர் ஆறடி, நான் ஐந்தடி. ஒரே சோபா எப்படி?

முதுகுக் குஷன் தனியாகக் கழலும் சோபாவாக வாங்குங்கள். ஆழம் அவருக்குப் பொருந்தட்டும், உயரம் உங்களுக்கு. ஆழத்தை ஒரு சின்னத் தலையணை குறைத்துவிடும். உங்கள் பாதம் தொங்கினால் அதைச் சரிசெய்ய சோபாவால் முடியாது, கால்மணை வேண்டியிருக்கும்.

துணியா, லெதரா, ரெக்சினா? பட்டன் வைத்துத் தைத்தது உறுத்துமா?

தாங்கலை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு துணிக்கு. வழுக்கும் மேற்பரப்பில் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சரியும், முதல் கேள்வியில் சொன்ன இடுப்பு வலி அங்கே தொடங்கும். நெருக்கமாக நெய்த கம்பளித் துணி உடம்பைப் பிடித்து வைக்கும். துணியின் தேய்மானத் தாங்குதிறனை மார்ட்டின்டேல் எண்ணில் சொல்வார்கள். தினசரிப் புழக்கத்துக்கு 25,000-க்கு மேல் இருக்கட்டும். நல்ல தோல் நீண்ட நாள் உழைக்கும். தோல் மாதிரித் தெரியும் பியூ (பாலியூரித்தேன்) மேற்பூச்சு ஈரக்காற்றில் செதில் செதிலாக உரியும். நான் அதைச் சிபாரிசு செய்வதில்லை.

பட்டன் ஆழமாக இறங்கியிருந்தால் உறுத்தாது. மேலோட்டமாக நின்றால் உறுத்தும். கையால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

ஆன்லைனில் வாங்கலாமா?

உட்கார்ந்து பார்க்காமல் வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. வேறு வழியில்லை என்றால் உட்காரும் ஆழம், இருக்கை உயரம், ஃபோமின் டென்சிட்டி எண், அடியில் பெல்ட்டா ஸ்பிரிங்கா, சட்டம் என்ன மரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கவிழ்த்துப் போட்ட நிலையில் ஒரு படமும் கேளுங்கள். அதை அனுப்பத் தயங்குகிறவர்களிடம் வாங்க வேண்டாம்.

தாத்தா 1960களில் வாங்கிய சோபா வீட்டில் இருக்கிறது. மரம் நன்றாக இருக்கிறது, உட்கார்ந்தால் தரைக்கே போய்விடுகிறோம். தூக்கிப் போட மனமில்லை.

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள். வயதாகிப்போனது ரப்பர் மட்டும்தான். பழைய ரப்பர் பெல்ட் காய்ந்து வெடித்திருக்கும். உள்ளே இருக்கும் ஃபோம் ரப்பர் தொட்டால் பொடியாக உதிரும். இரண்டையும் மாற்றினால் சோபா மறுபடி உட்காரத் தகுந்ததாகிவிடும். பெல்ட்டின் நுனியில் உலோகக் கிளிப் இருந்து, சட்டத்தில் வெட்டிய பள்ளத்தில் அது மாட்டியிருந்தால், புது பெல்ட்டையும் அதே முறையில் மாட்டச் சொல்லுங்கள். நல்ல மரத்தில் ஆணி அடிக்க விடாதீர்கள். புது குஷனைப் பழையதன் தடிமனுக்கே வெட்டச் சொல்லுங்கள். இன்னும் சுகமாக இருக்கட்டும் என்று தடிமனைக் கூட்டினால் இருக்கை உயர்ந்து, கைப்பிடி தாழ்ந்துவிடும்.

பாலிஷ் போடக் கொடுக்கும்போது, கைப்பிடியில் தாத்தாவின் கை பட்டுப் பட்டு வழவழப்பான இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.