கரிசல் வெடிப்பும் முதல் நகலும்

அன்புள்ள ஐயா, நான் மதுரைல பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி ரெண்டாம் வருஷம், ஊரு உசிலம்பட்டி பக்கம். உயிர் தானா தோணுச்சுங்கிறது, பழைய இரும்புக் கடைல சூறாவளி அடிச்சு போயிங் 747 சேர்ந்த மாதிரின்னு வாட்ஸப்ல வந்துச்சு. பதில் சொல்லத் தெரியல. விண்கல்லுல வந்திருக்குமா? இதுலயே எம்.எஸ்சி. பண்ண ஆசை, வீட்ல பி.எட். போகச் சொல்றாங்க. தப்பா கேட்டிருந்தா மன்னிக்கவும்.
செல்வி

செல்வி தாயி,

கேள்வி கேக்க எதுக்கு மன்னிப்பு? அத மொதல்ல விடு. கொஞ்ச நாளா நானும் இதையேதான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்.

விண்கல்லு வேணாம். 1969ல ஆஸ்திரேலியாவுல விழுந்த மர்ச்சிசன் கல்லுல, புரதத்தக் கட்டுற அமினோ அமிலம் இருந்துச்சு, சரக்கு வந்திருக்கலாம், அம்புட்டுத்தான். அங்க உயிர் எப்படி வந்துச்சுன்னு அதே கேள்வி திரும்ப நிக்கும்.

ஆனா போயிங் விஷயத்துல உம்மேல எனக்குக் கோவம். அந்த உவமைய சொன்ன ஃப்ரெட் ஹாயில் பெரிய வானியல் ஆளுதான், அதுக்காக கெமிஸ்ட்ரி படிக்கிற புள்ள அத வாங்கி அப்படியே வச்சுக்கிறதா? முழு செல்லு ஒரே அடில சேர்ந்துச்சுன்னு எவன் சொன்னான்? தேவை ஒண்ணே ஒண்ணு, தன்னை நகலெடுக்கிற ஒரு சின்ன மூலக்கூறு, அதுவும் அப்பப்ப தப்பா எடுக்கணும், தப்புல ஒண்ணு வேகமா பெருகுச்சுன்னா அடுத்த தடவ அதுதான் கூட்டமா நிக்கும். 1967ல ஸ்பீகல்மேன்னு ஒரு விஞ்ஞானி, ஒரு வைரஸோட ஆர்.என்.ஏ.வ, அதாவது அதோட மரபுச் செய்திய சுமக்கிற சங்கிலி மூலக்கூற, டெஸ்ட் ட்யூப்ல வச்சு, நகலெடுக்கிற என்சைமும் (வினைய வேகமா நடத்திக் கொடுக்கிற பொருள்) கொடுத்து, 74 தடவ புது ட்யூபுக்கு மாத்திக்கிட்டே போனாரு. வேகமா நகலாகுறது மட்டும்தான் அங்க பிழைக்கும், அதனால ஆர்.என்.ஏ. தேவையில்லாதத எல்லாம் உதுத்துட்டு ஆறுல ஒரு பங்கா சுருங்கிப்போச்சு. செல்லு இல்ல, உயிர் இல்ல, ஆனா இயற்கைத் தேர்வு நடக்குது! இது சூறாவளியா? என்சைம் வெளில இருந்து கொடுத்ததுதானேன்னு நீ கேக்கணும், கேளு. 1982ல தாமஸ் செக், ஆர்.என்.ஏ.வே என்சைம் வேலை பாக்கும்னு காட்டிட்டாரு. 2009ல லிங்கனும் ஜாய்ஸும் ஒண்ண ஒண்ணு உண்டாக்குற ரெண்டு ஆர்.என்.ஏ.வ ஓடவிட்டாங்க, துண்டுகள மட்டும் தயாரா கொடுத்து.

அப்ப மொத சங்கிலி எப்படி கோத்துச்சு? இங்கதான் எனக்கு கல்லுப்பட்டி கரிசக்காடு ஞாபகம் வரும். பருத்தி எடுத்து முடிஞ்சு கத்திரி வெயில்ல நிலம் வெடிச்சுக் கெடக்கும், முழங்கை வரைக்கும் கைய விடலாம், மேல பொறுக்குத்தட்டி நிக்கிறத மிதிச்சா நொறுங்கும். ஒரு மழை பேஞ்சா அம்புட்டும் மூடிக்கிரும், காலை வச்சா செருப்பப் புடுங்கிக்கிரும். கரிசல்ல இருக்கிற மான்ட்மோரில்லோனைட் வகைக் களிதான் காரணம், தண்ணி உள்ள போனா உப்பும், காஞ்சா சுருங்கும். அதே களி மேலதான் ஜேம்ஸ் ஃபெரிஸ், வினைக்குத் தயார்ப்படுத்துன நியூக்ளியோடைடுகள, அதாவது ஆர்.என்.ஏ.வோட தனித்தனிக் கண்ணிகள, திரும்பத் திரும்ப ஊத்தி 50 கண்ணி அளவுக்கு ஆர்.என்.ஏ. சங்கிலி வளத்தாரு. இன்னொண்ணு, ரெண்டு கண்ணி சேரும்போது ஒரு தண்ணி மூலக்கூறு வெளிய போகணும், சுத்தி தண்ணியே நின்னா அது லேசுல நடக்காது, காய விட்டா சேரும், நனஞ்சா பிரிஞ்சு கலந்து புது ஜோடி தேடும். காயுறதும் நனையுறதும் மாறி மாறி வர்ற வெந்நீர்க் குட்டைலதான் ஆரம்பம்னு டேவிட் டீமர் சொல்றாரு, கடலடி வெந்நீர் ஊத்துல ஆரம்பம்னு சொல்றத விட எனக்கும் அதுதான் மனசுக்கு ஒப்புது.

யாரும் இன்னும் முழுசா முடிக்கல தாயி. வெளி உதவி இல்லாம தன்னைத் திரும்பத் திரும்ப முழுசா நகலெடுக்கிற ஆர்.என்.ஏ. எந்த லேப்லயும் ஓடல. வேலை கெடக்கு.

பி.எட். எங்கயும் ஓடிப்போகாது, எம்.எஸ்சி. முடிச்சிட்டும் படிக்கலாம். அப்பாகிட்ட நான் பேசணும்னா நம்பர் அனுப்பு.