குங்ஹாப் கேள்வி பதில்: வருட விலங்கை விட நாள் தூண் முக்கியம்

கொரிய ஜாதகப் பொருத்தம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: கொரியத் தொடர்களில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் அம்மாக்கள் போய் 'குங்ஹாப்' பார்க்கிறார்கள். அது நம் பத்துப் பொருத்தம் மாதிரிதானா? நட்சத்திரம், ராசி எல்லாம் உண்டா? (வாசகி, கோயம்புத்தூர்)

நட்சத்திரம் கிடையாது, ராசிக் கட்டம் கிடையாது, கிரகங்களும் வராது. கொரிய ஜாதகத்துக்கு 'சாஜு' என்று பெயர். நான்கு தூண்கள் என்பது பொருள். பிறந்த வருடம், மாதம், நாள், நேரம் ஆகிய ஒவ்வொன்றும் ஒரு தூண். ஒவ்வொரு தூணிலும் இரண்டு எழுத்து: மேலே வானத்தண்டு, கீழே பூமிக்கிளை. ஆக எட்டு எழுத்து. அதனால்தான் 'சாஜு பல்ஜா', நான்கு தூண் எட்டு எழுத்து, என்று சேர்த்துச் சொல்வார்கள்.

தண்டுகள் பத்து. மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் ஆகிய ஐந்து மூலங்களுக்கும் 'யாங்' (ஆண் தன்மை) ஒன்று, 'உம்' (பெண் தன்மை) ஒன்று. கிளைகள் பன்னிரண்டு, எலி தொடங்கிப் பன்றி வரை. இரண்டும் ஜோடி சேர்ந்து சுழன்றால் அறுபதில் ஒரு சுற்று முடியும். பிரபவ முதல் அட்சய வரை எண்ணிப் பழகியவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது. அறுபது நிறைந்தால் இங்கே சஷ்டியப்தபூர்த்தி, அங்கே 'ஹ்வான்காப்'. ஆனால் அவர்கள் இந்த அறுபதை வருடத்தோடு நிறுத்துவதில்லை. மாதம், நாள், நேரம் எல்லாவற்றுக்கும் அதே சுற்றுதான்.

பத்துக்கு எத்தனை பொருந்துகிறது என்ற கணக்கும் இதில் இல்லை. கைபேசிச் செயலி 'நூற்றுக்கு 87' என்று காட்டினால் அது செயலியை எழுதியவர் வைத்த எடை. மரபில் அப்படி ஒரு மதிப்பெண் கிடையாது.

கேள்வி: நான்கு வயது வித்தியாசம் என்றால் குங்ஹாப்பே பார்க்க வேண்டாம் என்று கொரியாவில் சொல்வார்களாமே. அது உண்மையா? ஏன் நான்கு? (வாசகர், திருச்சி)

அப்படி ஒரு சொலவடை இருப்பது உண்மை. காரணம் 'சாம்ஹாப்', அதாவது மூன்று விலங்குகளின் கூட்டு. பன்னிரண்டு விலங்குகளில் நான்கு நான்கு இடம் தள்ளியிருப்பவை ஒரே மூலத்தில் சேரும். குரங்கு, எலி, டிராகன் நீரில். பன்றி, முயல், ஆடு மரத்தில். புலி, குதிரை, நாய் நெருப்பில். பாம்பு, சேவல், மாடு உலோகத்தில். நான்கு வருட இடைவெளியில் பிறந்தவர்கள் தானாகவே ஒரே கூட்டில் விழுவார்கள். எட்டு வருடத்துக்கும் இது பொருந்தும். ஆறு வருடம் என்றால் நேர் எதிர் விலங்கு. அது 'சுங்', மோதல்.

ஆனால் இது வருடத் தூணை மட்டும் பார்ப்பது. இதை 'கொத்குங்ஹாப்', வெளிப் பொருத்தம், என்பார்கள். வருடத் தூண் முன்னோரையும் குடும்பத்தையும் காட்டும் இடம். ஆளைக் காட்டுவது நாள் தூணின் தண்டு. அதன் கீழே இருக்கும் நாள் கிளைதான் துணைவரின் வீடு. கல்யாணத்துக்கு முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்த வீட்டைத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெண் 1995 மே 14, பையன் 1991 ஆகஸ்ட் 9 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெண் பன்றி வருடம், பையன் ஆடு வருடம். நான்கு வருட இடைவெளி, ஒரே கூட்டு. சொலவடைப்படி இங்கேயே எழுந்து போய்விடலாம். இனி நாள் தூண். பெண்ணுக்கு 'உல்-சா': கொடிக்கு ஒப்பான உம் மரம், கீழே பாம்பு. பையனுக்கு 'ஷின்-ஹே': நகை, சிறு கத்தி போன்ற உம் உலோகம், கீழே பன்றி. மேலே கத்தி கொடியை வெட்டுகிறது. கீழே பாம்பும் பன்றியும் நேர் மோதல். மேலும் கீழும் சேர்ந்து முட்டும் இந்த அமைப்பைக் கண்டால் எந்தச் சாஜுக்காரரும் நிமிர்ந்து உட்காருவார்.

அதற்காக 'வேண்டாம்' என்று சொல்லிவிடுவதும் அவசரம். பையனின் மாதக் கிளை குரங்கு. குரங்குக்கும் பாம்புக்கும் ஆறு ஜோடிச் சேர்க்கையில் உறவு உண்டு. சேர்க்கையின் ஆசையில் மோதலை மறப்பது என்று இதற்கு ஒரு விதி இருக்கிறது, 'தாம்ஹாப் மாங்சுங்'. (பாம்பு-குரங்கு ஜோடியில் சேர்க்கையோடு உரசலும் கலந்திருப்பதாகக் கொள்வோர் இதற்குக் குறைந்த எடை தருவார்கள்.) அடுத்து மூலங்களின் கையிருப்பு. நேரத்தை விட்டுவிட்டு ஆறு எழுத்தில் பார்த்தால் பையனிடம் மரமே வெளியில் தெரியவில்லை. உலோக ஆணுக்கு மனைவியைக் குறிப்பது மரம்தான். பெண்ணோ மரம். பெண் பிறந்தது கோடைத் தொடக்கம். நாள், மாதம் இரண்டிலும் பாம்பு, இரண்டும் நெருப்பு (கூட்டில் சேரும் மூலம் வேறு, விலங்கின் சொந்த மூலம் வேறு). அந்தச் சூட்டுக்கு வேண்டிய நீர் பையனின் பன்றியில் இருக்கிறது. ஒருவருக்கு வேண்டியதை மற்றவர் கொண்டுவருகிறார். உரசலும் உண்டு, தேவையும் உண்டு என்றுதான் இதை வாசிக்க வேண்டும். நாள் கிளை மோதும் ஜோடிகளுக்கு, வேலை காரணமாக வாரக் கடைசியில் மட்டும் சேரும் வாழ்க்கை ஒத்துவரும் என்று சொல்வது வழக்கம்.

கேள்வி: என் மகன் கொரியாவில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறது. பெண்ணின் அம்மா மகனின் பிறந்த நேரம் கேட்கிறார். மதுரையில் காலை 9:10க்குப் பிறந்தான். கொரிய நேரத்துக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமா? (வாசகர், மதுரை)

மாற்றாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான். நேரத் தூண் என்பது பிறந்த இடத்தில் சூரியன் இருந்த நிலை. நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு வைத்தது. மதுரை சுமார் 78.1 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் வீதம் ஏறத்தாழ 18 நிமிடம் கழிக்க வேண்டும். 9:10 என்பது 8:52 ஆகும். ஒரு கிளைக்கு இரண்டு மணி நேரம். இரவு 11 முதல் 1 வரை எலி என்று தொடங்கினால், 7 முதல் 9 வரை டிராகன், 9 முதல் 11 வரை பாம்பு. ஆகவே உங்கள் மகனுக்கு டிராகன் நேரம். கழிக்காமல் விட்டால் பாம்பு. கொரிய நேரத்துக்கு மாற்றி 12:40 என்று கொடுத்தால் குதிரை! மூன்று விதமாக எழுதினால் மூன்று ஜாதகம். சென்னையில் பிறந்தவர்களுக்குக் கழிவு 9 நிமிடம்தான்.

மூன்றரை மணி நேரம் கூட்டிப் பார்க்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று. சாஜுவில் மாதம் மாறுவது சூரியன் குறிப்பிட்ட பாகையைத் தொடும் கணத்தில். அது ஒவ்வொரு ஆங்கில மாதத்திலும் 3 முதல் 9 தேதிக்குள் வரும். அந்தக் கணம் உலகம் முழுமைக்கும் ஒன்று. மகன் அந்தத் தேதிகளில் பிறந்திருந்தால் மட்டும், மாதம் மாறிவிட்டதா என்று பார்க்கக் கொரிய நேரம் வேண்டும்.

காகிதத்தில் ஆங்கிலத் தேதி, கடிகார நேரம், ஊர் மூன்றையும் எழுதுங்கள். 'யாங்ன்யோக்', அதாவது சூரியக் கணக்குத் தேதி, என்று பக்கத்தில் குறிப்பிடுங்கள். கொரியாவின் மூத்த தலைமுறையில் சந்திரக் கணக்கில் பிறந்தநாள் வைத்துக்கொள்பவர்கள் பலர். தேதியை அப்படி எடுத்துக்கொண்டால் ஜாதகமே வேறு ஆளுடையதாகிவிடும்.

கேள்வி: கொரியத் தோழி 1988 ஜூலையில் காலை 10 மணிக்குப் பிறந்தவள். ஒரு செயலி பாம்பு நேரம் என்கிறது, இன்னொன்று டிராகன் என்கிறது. எது சரி? (வாசகி, புதுச்சேரி)

டிராகன். கொரியாவில் 1987, 1988 இரண்டு வருடமும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். அதைக் கழித்தால் 9 மணி. நாட்டின் நேரம் 135 பாகைக்கானது, சியோல் 127 பாகையில் இருக்கிறது. அதற்கு 32 நிமிடம் கழித்தால் 8:28. பூசானில் பிறந்திருந்தால் 24 நிமிடம் போதும். 1948 முதல் 1951 வரையிலும், 1955 முதல் 1960 வரையிலும்கூடக் கோடை நேரம் இருந்தது. 1954 முதல் 1961 வரை நாட்டின் நேரமே அரை மணி பின்னால் இருந்ததால், அந்த வருடங்களில் பிறந்த பெற்றோருக்கு 32 நிமிடத்தைக் கழித்தால் தப்பாகிவிடும். நல்ல 'மான்சேர்யோக்', அதாவது நூற்றாண்டுப் பஞ்சாங்கம், இவற்றைத் தானே பார்த்துக்கொள்ளும். செயலியில் பிறந்த ஊரைக் கேட்காவிட்டால் நம்பாதீர்கள்.

நள்ளிரவை ஒட்டிய பிறப்பில் வாத்தியார்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. எலி நேரம் தொடங்கியதும் நாள் மாறிவிடும் என்பது ஒரு கட்சி, பன்னிரண்டு அடித்தபிறகே மாறும் என்பது மற்றொன்று. நாள் தூணே மாறுகிற விஷயம் என்பதால், இரண்டையும் போட்டுப் பார்த்து, ஆளுக்கு எது ஒத்துவருகிறது என்று பார்ப்பதே நியாயம்.

கேள்வி: எலிக்கும் ஆட்டுக்கும் ஆகாது, வெள்ளைக் குதிரைப் பெண் கணவனுக்கு ஆகாது என்றெல்லாம் படித்தேன். பயப்பட வேண்டுமா? (வாசகி, கொழும்பு)

இரண்டும் வெவ்வேறு விஷயங்கள். முதலாவது 'வொன்ஜின்', காரணம் தெரியாத கசப்பு. எலி-ஆடு, மாடு-குதிரை, புலி-சேவல், முயல்-குரங்கு, டிராகன்-பன்றி, பாம்பு-நாய் என ஆறு ஜோடி. எலிக்கு ஆட்டின் கொம்பு பிடிக்காது, உழாமல் திரியும் குதிரையைக் கண்டால் மாட்டுக்குக் கோபம், நாயின் குரைப்பில் பாம்பு திடுக்கிடும் என்று கதையும் உண்டு. இதை வருடத்தில் பார்த்துக் கலங்க வேண்டாம். நாள் கிளைகள் இரண்டும் இப்படி அமைந்தால் கவனிக்க வேண்டியதுதான். பெரிய சண்டை இல்லாமலே சலித்துப்போகும் ஜோடி என்பார்கள்.

வெள்ளைக் குதிரைக்குச் சாஜு விதியில் இடமே இல்லை. 1990 'கியோங்-ஓ' வருடம். வெள்ளை உலோகம், குதிரை. அந்த வருடம் பிறந்த பெண் முரட்டுக் குணம் கொண்டவள் என்று பரவிய பேச்சும், ஆண் குழந்தை மோகமும், கருவிலேயே பாலினம் பார்க்கும் வசதியும் சேர்ந்துகொண்டன. 1990இல் கொரியாவில் 100 பெண் குழந்தைக்கு 116.5 ஆண் குழந்தை பிறந்தது. ஜப்பானில் 1966, நெருப்புக் குதிரை வருடம். முந்தைய வருடம் சுமார் 18.2 லட்சமாக இருந்த பிறப்பு 13.6 லட்சமாக விழுந்தது. ஆளைக் குறிக்காத ஒரு தூணின் ஒற்றை எழுத்தை வைத்துப் பெண் குழந்தையை வேண்டாம் என்று சொன்னது பெரும் பாவம். 2026ம் நெருப்புக் குதிரை வருடம் என்பதால் இதை அழுத்தியே சொல்கிறோம்.

ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கு ஒரு குறிப்பு. சாஜு வருடம் மாறுவது பிப்ரவரி 4ஐ ஒட்டிய 'இப்சுன்' அன்று. சந்திரப் புத்தாண்டு அன்று மாறுவதில்லை. 1994இல் புத்தாண்டு பிப்ரவரி 10. பிப்ரவரி 6 அன்று பிறந்தவரைக் கேட்டால் சேவல் என்பார். அவர் சாஜுவிலோ நாய் உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: 'சோக்குங்ஹாப்' என்றால்? (வாசகர், சேலம்)

உள் பொருத்தம். மரபில், விலங்கைத் தாண்டி ஐந்து மூலங்களையும் நாள் தூணையும் பார்ப்பது. இன்றைய பேச்சுவழக்கில் தாம்பத்தியப் பொருத்தம் என்றே பொருள் கொள்கிறார்கள். பெரியவர்கள் முன் இந்தச் சொல்லைப் போட்டுக் கேட்டுவிடாதீர்கள்.

கேள்வி: ஜாதகத்தை யார் யாருக்கு அனுப்புவார்கள்? (வாசகி, ஈரோடு)

மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்கு. மாப்பிள்ளையின் நான்கு தூண்களைத் தாளில் எழுதி மடித்து, உறையிலிட்டு, பட்டுத் துணியில் சுற்றி அனுப்புவது 'சாஜு தான்ஜா'. அது வந்து சேர்ந்தால் நிச்சயமானதாக அர்த்தம். குங்ஹாப் எல்லாம் அதற்கு முன்பே பார்த்து முடித்திருக்க வேண்டும். பெண் வீட்டார் இரண்டு சாஜுவையும் வைத்துக் கல்யாணத் தேதி குறித்துப் பதில் அனுப்புவார்கள். தேதி சொல்லும் உரிமை பெண் வீட்டுடையது. சந்திரக் கணக்கில் 9, 10, 19, 20, 29, 30 ஆகியவை கெட்ட ஆவி திரியாத நாட்கள் என்பதால், இன்றும் அந்த நாட்களுக்கு மண்டபம் முன்கூட்டியே நிறைந்துவிடும்.