முதல் நாள் தாள்: பணியில் காயமடைந்த காவலர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பணியில் அடிபட்டால் என்ன கிடைக்கும், யாரிடம் கேட்பது. எழுதியவர்களில் பலர் காவலர்கள், சிலர் அவர்கள் வீட்டார். ஊர், பெயரை எல்லாம் எடுத்துவிட்டேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

ஐயா, தலைமறைவுக் குற்றவாளியைப் பிடிக்கப் போனபோது இடது கையில் அரிவாள் வெட்டு, 14 தையல். எஸ்.பி. ஐயா நேரில் வந்து 5,000 ரூபாய் வெகுமதி கொடுத்தார். எனக்கு வர வேண்டியது இவ்வளவுதானா? (தலைமைக் காவலர்)

இல்லை. அந்த 5,000 நீங்கள் அவனை விடாமல் பிடித்ததற்கு. கை வெட்டுப்பட்டதற்கு இன்னும் ஒரு பைசா வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெகுமதி, நிவாரணம், இழப்பீடு மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். வெகுமதி என்பது செயலுக்கு. ரிவார்டு ரோல் (வெகுமதிப் பரிந்துரைத் தாள்) போட்டு, மாவட்ட ஆணையான டி.ஓ.வில் வந்து, பணிப்பதிவேட்டில் ஏறும். நிவாரணம் அல்லது கருணைத் தொகை என்பது காயத்துக்கு. அது அரசு மனசு வைத்துக் கொடுப்பது. இழப்பீடு என்பது உங்கள் உரிமை. அது நீதிமன்றம், வாகன விபத்து டிரிப்யூனல், காப்பீடு வழியாக வரும். ஒன்றை வாங்கிவிட்டால் மற்றது போய்விடாது. ஆனால் ஒன்று கிடைத்தவுடன் மற்ற இரண்டையும் மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். முதலில் ஏ.ஆர். காப்பியும் காயச் சான்றும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். (ஆயுதப்படையும் ஏ.ஆர்.தான், ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடும் ஏ.ஆர்.தான். நான் சொல்வது இரண்டாவது.)

எனக்கு டூட்டியில் அடிபட்டது. எவ்வளவு கிடைக்கும்? (பெயர், ஊர் இல்லை)

தேதி இல்லை, எங்கே அடி என்று இல்லை, யார் அடித்தது என்று இல்லை, எந்த ஆஸ்பத்திரி என்று இல்லை. உங்களிடம் ஒருவர் இப்படிப் புகார் கொடுத்தால் வாங்கிக்கொள்வீர்களா? முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள், பதில் தருகிறேன்.

இறந்துபோன காவலர் குடும்பத்துக்கு ஒரு கோடி என்று பேப்பரில் படிக்கிறோம். என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார், ஆனால் வலது கை விரல்கள் மடங்காது. அவருக்கு மட்டும் ஏன் ஐந்தாயிரம், பத்தாயிரத்தோடு முடித்துவிடுகிறார்கள்? (காவலரின் மனைவி)

அம்மா, உங்கள் கேள்வி நியாயமானது. பல குடும்பங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது.

பேப்பரில் வரும் பெரிய தொகைகள் முதலமைச்சர் அறிவிப்பால் வருபவை. 2020 ஜனவரியில் களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. சுட்டுக் கொல்லப்பட்டபோது 1 கோடி. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் மணக்கரையில் நாட்டு வெடிகுண்டுக்குப் பலியான காவலர் குடும்பத்துக்கு 50 லட்சம். 2021 நவம்பரில் ஆடு திருடர்களை விரட்டிப்போய் உயிரை விட்ட நவல்பட்டு சிறப்பு எஸ்.ஐ. குடும்பத்துக்கு 1 கோடி. காயம் என்று வரும்போது 2022 ஏப்ரலில் சுத்தமல்லி பெண் எஸ்.ஐ.யைச் சொல்லலாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்கு வழக்குப் போட்ட ஆத்திரத்தில் ஒருவன் கோவில் கொடை பந்தோபஸ்தில் வைத்து அவர் கழுத்தில் கத்தியை இறக்கினான். அவருக்கு 5 லட்சம் அறிவித்தார்கள். அது செய்தியான சம்பவம். செய்தியாகாத காயம் எத்தனையோ இருக்கிறது.

மத்திய அரசு ஊழியர்கள், துணை ராணுவத்தினருக்குப் பணியில் உயிரிழந்தால் எவ்வளவு என்று பட்டியலே உண்டு. 2016-லிருந்து சம்பவத்தின் தன்மையைப் பார்த்து 25 லட்சம், 35 லட்சம், 45 லட்சம். யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. நம் மாநிலக் காவலருக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும், அதில் காயத்துக்கும் வரிசை வேண்டும். விரல் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு, ஆறு மாதம் படுக்கை என்றால் இவ்வளவு என்று எழுதி வைத்துவிட்டால் ஒரு குடும்பம் மனுவைத் தூக்கிக்கொண்டு அலையாது. நான் பணியில் இருந்த காலத்திலேயே இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் எழுதுவேன்.

சரி, இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. அவர் சம்பளக் கணக்கு எந்த வங்கியில் இருக்கிறது என்று பாருங்கள். 2025 மே மாதம் அரசு 7 வங்கிகளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. சம்பளக் கணக்கு வைத்திருக்கும் அரசு ஊழியர் விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் அடைந்தாலோ 1 கோடி வரை காப்பீடு, ஊழியருக்குப் பிரீமியம் கிடையாது. கணக்கு அந்தத் திட்டத்தில் மாற்றப்பட்டிருக்கிறதா, சம்பவத் தேதியில் அது அமலில் இருந்ததா, விரல் மடங்காதது அவர்கள் சொல்லும் ஊனத்தில் வருமா என்று கிளை மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பித் திரும்பி வராதீர்கள்.

ஊர்வல பந்தோபஸ்தில் கல் வந்து முழங்காலில் பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன ஸ்டேஷன் ரைட்டர், "கல்லடின்னு சொன்னா கேஸ் கட்டணும், வழுக்கி விழுந்தேன்னு சொல்லிடு" என்றார். நானும் அப்படியே சொன்னேன். இப்போது ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் வரைக்கும் போய்விட்டது. நிவாரண மனு, "பணியின்போது காயம் என்பதற்கு ஆதாரம் இல்லை" என்று திரும்பி வந்துவிட்டது. (ஆயுதப்படைக் காவலர்)

தம்பி, இதைப் படித்ததும் எனக்கு வந்த கோபம் உங்கள் மேல் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தின் மேல். "வழுக்கி விழுந்தேன்" என்ற வாக்கியம் எத்தனை காவலர்களின் காசைத் தின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

நான் மாவட்டக் காவல் அலுவலகம் ஒன்றில் வெகுமதிப் பிரிவில் உட்கார்ந்திருந்தபோது ஒரு ஏட்டின் கோப்பு வந்தது. கண்ணுக்கு மேல் எலும்பு உடைந்த மனிதர். சாராய ரெய்டில் கட்டையால் அடித்திருக்கிறார்கள். கூடப் போன நாலு பேரும் சாட்சி. எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் கோத்திருந்த ஏ.ஆர். காப்பியில் அவசர சிகிச்சை டாக்டர் தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: "வீட்டு மாடிப்படியில் விழுந்ததாகக் கூறப்படுகிறது." தேதி, நேரம், முத்திரை எல்லாம் தெளிவு. நாலு சாட்சியின் வாக்குமூலமும் அந்த ஒரு வரிக்கு முன்னால் நிற்கவில்லை. கோப்பை ஆட்சேபணையோடு திருப்பி அனுப்பும் குறிப்பை எழுதியது நான்தான். அந்த ஏட்டு ஓய்வு பெறும் வரை கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பரேடுக்கு வருவார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வேன்.

டாக்டர் முதலில் எழுதுவதுதான் கடைசி வரை நிற்கும். இன்சூரன்ஸ்காரர் அதைத்தான் பார்ப்பார், எதிரி வக்கீல் அதைத்தான் பார்ப்பார், உங்கள் சொந்த அலுவலகமும் அதைத்தான் பார்க்கும். பல முறை சொன்னதுதான், மறுபடி சொல்கிறேன். அடிபட்டால் முதலில் அரசு மருத்துவமனை, ஸ்டேஷன் தரும் மெமோவோடு. எப்படி அடிபட்டது, எங்கே, எந்த டூட்டியில் என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். பேச முடியாத நிலை என்றால் கூட இருப்பவர் சொல்லட்டும். அன்றைக்கே ஸ்டேஷன் பொது நாட்குறிப்பான ஜி.டி.யில் ஏற வேண்டும். டூட்டிக்கு அனுப்பும்போது தரும் சீட்டான டூட்டி பாஸ்போர்ட்டைத் தொலைக்காதீர்கள், போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது?

ரைட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரு எஃப்.ஐ.ஆர். எழுதும் வேலை மிச்சம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அந்தப் பையன் வீட்டில் அதற்குப் பிறகு வரும் கடன் உங்கள் நோட்டில் ஏறுவதில்லை. நாளைக்குக் கல் உங்கள் மேலும் விழலாம்.

இப்போது உங்களுக்கு. முழுக் கதவும் மூடிவிடவில்லை. அன்றைய பந்தோபஸ்து டூட்டி சார்ட், பாஸ்போர்ட், ஊர்வலத்தில் கல்வீச்சு என்று வேறு யாராவது புகாரில் வழக்குப் பதிவாகியிருந்தால் அதன் எஃப்.ஐ.ஆர். நகல், வீடியோ எடுத்திருந்தால் அது, கூட நின்ற இரண்டு பேரின் எழுத்து வாக்குமூலம், எலும்பு டாக்டரிடம் "நேரடி அடியால் ஏற்படக்கூடிய காயம்" என்று கருத்துச் சான்று. இவ்வளவையும் வைத்து மேல்முறையீடு போடுங்கள். வழுக்கி விழுந்தேன் என்று ஏன் சொன்னீர்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். மறைத்தால் இரண்டாவது முறையும் திரும்பி வரும்.

ஜல்லிக்கட்டு பந்தோபஸ்தில் மாடு தொடையில் குத்திவிட்டது. வெகுமதி கேட்கலாமா?

மாடு குத்தியதற்கு வெகுமதி வராது. பார்வையாளர் யாரையாவது இழுத்துக் காப்பாற்றியபோது குத்தியது என்றால் வரும், அதை ரோலில் எழுதச் சொல்லுங்கள். சிகிச்சைக்கு மாதம் 300 பிடிக்கிறார்களே, அந்த மருத்துவக் காப்பீட்டைப் பயன்படுத்துங்கள். 5 லட்சம் வரை உண்டு, குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம். பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அவசரத்துக்குச் சேர்ந்திருந்தால் பில்லோடு மாவட்டக் குழுவுக்கு மனுப் போடுங்கள். ஏ.ஆர். காப்பி இங்கேயும் வேண்டும்.

நாலு மாதமாகப் படுக்கையில் இருக்கிறேன். ஈட்டிய விடுப்பு எல்லாம் தீர்ந்துவிட்டது. இனி சம்பளம் இல்லாத விடுப்புதான் என்கிறார்கள். (கிரேடு 1 காவலர்)

யார் சொன்னது? அடிப்படை விதி 83-ஐயும் 83-ஏ-யையும் எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே தாக்கப்பட்ட காயமானாலும், பணியில் தற்செயலாக நேர்ந்த காயமானாலும் சிறப்பு ஊன விடுப்பு உண்டு. அதிகபட்சம் 24 மாதம். முதல் 4 மாதம் முழுச் சம்பளம், அப்புறம் பாதி. உங்கள் விடுப்புக் கணக்கில் இது கழியாது. நிபந்தனை இரண்டு: பாதிப்பு சம்பவத்திலிருந்து 3 மாதத்துக்குள் வெளிப்பட்டிருக்க வேண்டும், நீங்கள் தாமதமின்றித் தெரிவித்திருக்க வேண்டும். ஏற்கெனவே போன ஈட்டிய விடுப்பை இதாக மாற்றித் தரும்படி மனுக் கொடுங்கள். இந்த விதியைக் கேட்டு வாங்குகிறவர்கள் மிகக் குறைவு, அதனால் பல அலுவலகங்களில் மறந்தே போய்விட்டது.

கைதி எஸ்கார்ட் போன ஜீப்பை லாரி இடித்தது. இடுப்பு எலும்பு முறிவு. துறையில் ஏதாவது கொடுப்பார்கள் என்று எட்டு மாதமாகக் காத்திருக்கிறேன்.

காத்திருந்ததுதான் தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1-லிருந்து டிரிப்யூனலில் மனுப் போட விபத்து நாளிலிருந்து 6 மாதம்தான். நாளைக்கே ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள். தாமதத்தை எப்படி விளக்குவது என்பது அவர் வேலை. லாரியின் காப்பீட்டு நிறுவனம் கொடுக்க வேண்டிய காசுக்கும் துறை கொடுக்கும் கருணைத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. எதை வாங்கினீர்களோ அதை டிரிப்யூனலில் மறைக்க மட்டும் கூடாது.

இதே போல எழுதிய இன்னொருவருக்கு: இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் பலத்த காயத்துக்கு 50,000, இறப்புக்கு 2 லட்சம் என்று தனித் திட்டம் இருக்கிறது. மனு வருவாய்த் துறை விசாரணை அதிகாரியிடம் போகும்.

வெட்டியவனின் ஊர்ப் பெரியவர்கள் வந்து, 50,000 தருகிறோம், வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். அரசு ஊழியரைக் காயப்படுத்திய குற்றம் பாரதிய நியாய சன்ஹிதா 121-இல் வருகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 332, 333 தான். இதில் சமாதானம் செய்துகொள்ளச் சட்டத்தில் இடமே இல்லை. கை நீட்டிக் காசு வாங்கினால் விசாரணை உங்கள் மேல் திரும்பும். தண்டனை கொடுக்கும்போது அபராதத்திலிருந்து காயப்பட்டவருக்கு இழப்பீடு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். பிரிவு 395. அரசு வழக்கறிஞரிடம் அதைக் கேட்கச் சொல்லுங்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாகவும் பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டுக்கு வழி இருக்கிறது. அடுத்தவருக்கு இதைச் செய்து கொடுக்கிற நாம், நமக்கென்று வரும்போது கேட்பதில்லை.

கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இனி காக்கி போட முடியாது என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

அனுப்ப முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4): பணிக்காலத்தில் ஊனமடைந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலைக்குப் பொருந்தாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி, அதுவும் இல்லையென்றால் உபரிப் பணியிடம் உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். சிறப்புச் சேவைப் பணியகத்தில் காவலராக இருந்து கால் இழந்த குணால் சிங் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2003-லேயே பழைய சட்டத்தை வைத்து இதைச் சொல்லிவிட்டது. துணை ராணுவப் படைகளுக்கு 2021-இல் விலக்கு அறிவிப்பு வந்தது. அதைக் காட்டி உங்களை யாராவது பயமுறுத்தினால், அது மாநிலக் காவலருக்கு அல்ல என்று சொல்லுங்கள். விருப்ப ஓய்வு என்று எழுதிய எந்தத் தாளிலும் இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும்போது நீட்டப்படும் எந்தத் தாளிலும் போடாதீர்கள்.

மூன்று வருடம் முன்பு வாங்கிய காய வெகுமதி பணிப்பதிவேட்டில் இல்லை.

டி.ஓ. எண்ணும் தேதியும் கொடுத்து மனுப் போடுங்கள், ஏற்றிக் கையெழுத்தாகும் வரை விடாதீர்கள். அப்புறம், அதற்கு "காய வெகுமதி" என்று பெயர் இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

வீரதீரப் பதக்கத்துக்கு நானே விண்ணப்பிக்கலாமா?

முடியாது. உங்கள் அலகு அதிகாரி பரிந்துரைத்து மேலே போக வேண்டும். சம்பவம் நடந்த சூட்டோடு எஃப்.ஐ.ஆர்., காயச் சான்று, ஏ.ஆர். காப்பியை வைத்துப் பரிந்துரை எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கிடைத்தால் மாதப்படி ஓய்வுக்குப் பிறகும் வரும்.