துல்பாவை இன்னொருவர் மனத்துக்கு அனுப்ப முடியுமா? கேள்வி பதில்

துல்பா என்பது ஒருவர் மாதக்கணக்கில் உருவம், குரல், குணம் எல்லாம் கொடுத்து மனத்துக்குள் வளர்க்கும் துணை. போகப் போக அது தானாகவே பேசுவதாக வளர்த்தவர் உணர்வார். அதைப் பிறரோடு பகிர்வது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

அக்கா, என் துல்பாவை என் தோழியும் வைத்துக்கொள்ள முடியுமா?

உன் துல்பாவைப் பற்றி நீ சொல்வது மட்டும்தான் தோழிக்குப் போகும். அவள் போகமாட்டாள். பெயரையும் முகத்தையும் பேச்சையும் கேட்டுத் தோழி ஒருத்தியை வளர்க்கலாம், ஆனால் அவள் வேறொருத்தி. சில மாதங்களில் உன்னுடையவள் வெடுக்கென்று பேசுவாள், தோழியினுடையவள் எதற்கும் சிரித்து மழுப்புவாள். பின்னாளில் எழுத்தாளர்களான இங்கிலாந்தின் பிரான்டே குடும்பத்துப் பிள்ளைகளைப் பாருங்கள். 1826இல் அப்பா வாங்கிவந்த மரச் சிப்பாய்களில் ஆளுக்கொன்றை எடுத்துப் பெயர் வைத்து, நால்வரும் சேர்ந்தே ஒரு கற்பனை உலகத்தைக் கட்டினார்கள். பேச்சும் எழுத்தும்தான் அதைத் தாங்கின. அப்புறம் அவர்களில் எமிலி, ஆன் இருவரும் பிரிந்துபோய்த் தங்களுக்கென்று தனி உலகம் வைத்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சுப் பயண எழுத்தாளர் அலெக்சாந்திரா டேவிட்-நீல் துல்பாவாக உருவாக்கிய துறவியை வேறொருவரும் பார்த்தாராமே?

1929இல் வந்த திபெத் நூலில் அப்படித்தான் எழுதியிருக்கிறார். குள்ளமான, பருத்த, கலகலப்பான துறவி. வெண்ணெய் கொண்டுவந்த இடையர் ஒருவர் கூடாரத்தில் அவரைக் கண்டு நிஜ லாமா என்றே நினைத்தாராம். இதற்கு ஒரே சாட்சி டேவிட்-நீல்தான். தன் மனமே உண்டாக்கிய தோற்றமாக இருக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இதை வைத்துப் பகிர்வு நிரூபணமாகிவிட்டது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் இருவரின் துல்பாக்களும் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. சோதிப்பது எப்படி?

தோழி ஒரு சொல்லைத் தாளில் எழுதி மடித்து வைக்கட்டும், தன் துல்பாவிடம் மட்டும் சொல்லட்டும். நீங்கள் உங்கள் துல்பாவிடம் கேட்டு, வந்த விடையை எழுதி வையுங்கள். அதன்பிறகுதான் இரண்டையும் ஒப்பிட வேண்டும். சொல்லை மாற்றி மாற்றிப் பல நாள் செய்யுங்கள். ஒரு தடவை பொருந்தினால் அது கணக்கில்லை. நெடுநாள் பழகியவர்களுக்கு ஒரே சொல் தோன்றுவது சகஜம்.

“உன் துல்பா என்னிடம் வந்துவிட்டாள், உன்னைப் பிடிக்கவில்லையாம்” என்கிறாள் தோழி. நான் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

முதலில் சாப்பிடும்மா. அது உன் தோழியின் மனம் பேசுவது. உன்னுடையவள் என்ன நினைக்கிறாள் என்று உன் மனத்தில்தான் கேட்க முடியும், வேறு யாரும் அவள் வாயாகப் பேச முடியாது. தோழி பொய் சொல்கிறாள் என்று நான் சொல்லவில்லை, அவள் உண்மையாகவே அப்படி உணரலாம். ஆனால் இதைச் சொல்லி உன்னை ஆட்டிவைக்க விடாதே. “என் துல்பாவைப் பற்றி இனி என்னிடம் சொல்லாதே” என்று நேராகச் சொல்லிவிடு. அதற்கும் அவள் கேட்கவில்லை என்றால், கொஞ்ச நாள் விலகியே இரு.

இது மனநோயா?

துல்பா இருப்பதாலேயே நோய் என்று ஆகாது. தங்கள் பாத்திரங்கள் தாமாகவே பேசுவதாக நாவலாசிரியர்கள் பலரும் சொல்வதுண்டு. ஆனால் குரல் மிரட்டினாலோ, உங்களைக் காயப்படுத்திக்கொள்ளச் சொன்னாலோ, தூக்கம் கெட்டாலோ, தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். துல்பா பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள்.