ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இளங்கலையில் சமூகவியல் எடுக்க விரும்புகிறேன். "ஊரில் வாழ்கிற எவருக்கும் தெரிந்ததைப் பட்டம் வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?" என்று மாமா கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

க., மன்னார்குடி

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் மாமாவின் கேள்வி நியாயமானது. உங்கள் தஞ்சைப் பகுதியிலிருந்தே பதில் சொல்கிறேன்.

1961-62இல் ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் தில்லியிலிருந்து வந்து தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊரின் பெயரை மறைத்து 'ஸ்ரீபுரம்' என்று எழுதினார். அக்கிரகாரம், பிராமணரல்லாதார் தெருக்கள், சேரி என ஊர் பிரிந்திருந்ததை அங்கே ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். நிலம், குத்தகை, கூலி ஆகியவை பெரும்பாலும் அதே வரிசையில் அமைந்திருந்ததும் ஊரறிந்த செய்திதான். அதற்கு மேல் அவர் கண்டது முக்கியமானது. ஒருகாலத்தில் சாதி உயர்வும் நிலவுடைமையும் அதிகாரமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் குவிந்திருந்தன. அக்கிரகாரக் குடும்பங்கள் படிப்புக்கும் உத்தியோகத்துக்குமாக நகரங்களுக்குப் போய் நிலத்தை விற்கத் தொடங்கியதும், வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கிடைத்து ஆள்பலம் செல்லுபடியானதும் சேர்ந்து அவற்றை மெல்லப் பிரித்தன. சடங்கில் முதலிடம் பெற்றவரின் சொல் பஞ்சாயத்தில் எடுபடவில்லை. பஞ்சாயத்தில் செல்வாக்குப் பெற்றவர் பெரிய நிலக்காரராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சேரிக்கு இந்த மாற்றத்தால் கிடைத்தது மிகக் குறைவு.

பெத்தேய் அக்கிரகாரத்து வீடு ஒன்றில் தங்கியிருந்தார். அதனாலேயே மற்றத் தெருக்களில் இயல்பாகப் பழகுவது தமக்கு எளிதாக இல்லை என்று அவரே பதிவு செய்திருக்கிறார். வெளியூர்க்காரருக்கே இந்த நிலை என்றால், பிறந்தது முதல் ஒரே தெருவில் வாழ்பவர் மற்றத் தெருக்களை எந்த அளவுக்கு அறிந்திருக்க முடியும்? மாமாவின் கேள்விக்கு என் பதில் இதுதான். மனிதர்களுக்கிடையே அமைந்துபோன உறவுகளை எல்லாத் தெருக்களிலிருந்தும் பார்த்து, தான் நிற்கும் இடத்தையும் கணக்கில் கொண்டு ஆராய்வதே சமூகவியல்.

இதன் அவசியத்தை அதே மாவட்டம் மிகக் கொடூரமாக உணர்த்தியது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதைக் கூலித் தகராறு என்று மட்டும் சொன்னால், இறந்த அனைவரும் தலித்துகளாக இருந்ததற்கு விளக்கம் கிடைக்காது; சாதிக் கொடுமை என்று மட்டும் சொன்னால், விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு கூலி உயர்வு கேட்டது மறைந்துவிடும். சாதியையும் வர்க்கத்தையும் தனித்தனியே அடையாளம் கண்டு, அவை எங்கே பிணைகின்றன என்று பார்க்கப் பழகியவராலேயே அந்த நெருப்பின் காரணத்தை முழுமையாகச் சொல்ல முடியும்.

ஆகவே தயங்காமல் சேருங்கள். கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது, பாடத்திட்டத்தில் களப்பணி உண்டா என்பதை மட்டும் தவறாமல் விசாரித்துக்கொள்ளுங்கள்.