சென்னை–லண்டன்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?
மீனம்பாக்கத்திலிருந்து ஹீத்ரோவுக்கு மிகக் குறுகிய வான்வழி சுமார் 8,200 கி.மீ. சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால்தான் சரியான பாதை தெரியும்.

மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்தால் 9 மணி நேரம்தானே என்பீர்கள். ஆனால் மூடிய வான்பரப்புகளைச் சுற்றிப் போகவேண்டும், ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரமும் டிக்கெட் கணக்கில் சேரும். போதாக்குறைக்கு, உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று போகும்போது எதிர்க்கும், வரும்போது தள்ளிவிடும். அதனால் நேரடி விமானத்திலேயே போக 11 மணி நேரத்தை ஒட்டி ஆகும்; திரும்பி வருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு.

பலரும் ஏமாறுவது டிக்கெட்டில்தான். அதில் இருப்பவை அந்தந்த ஊர் நேரம். சென்னையில் காலை 5.30க்குக் கிளம்பி லண்டனில் 11.30க்கு இறங்கினால் 6 மணி நேரப் பயணம் அல்ல. கோடையில் நாலரை, மார்ச் கடைசி ஞாயிறு வரையிலான குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள்.