முதல் ட்ரக் கம்பனியைத் தெரிவு செய்வது: புதிதாக லைசென்ஸ் எடுத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ட்ரெய்லர் இழுக்கும் பெரிய ட்ரக்குகளை ஓட்டுவதற்கான ஒன்ராறியோவின் ஏ-இசட் லைசென்ஸ் கைக்கு வந்து மூன்று கிழமையாகிறது என்றும், இரண்டு இடங்களில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றும், எதற்குப் போவது என்று முடிவெடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். ஒன்று, பல நூறு வண்டிகள் வைத்திருக்கும் பெரிய கம்பனி. மைலுக்கு 55 சதம், முதல் ஆறு கிழமை ஒரு பயிற்சியாளருடன் ஓட வேண்டும். மற்றது, பிரம்ப்டனில் பன்னிரண்டு வண்டிகளுடன் நடக்கும் சிறிய கம்பனி; மைலுக்கு 70 சதம், வருகிற திங்கட்கிழமையே தனியாக வின்னிபெக் போகலாம், ஆனால் உங்கள் பெயரில் ஒரு கோர்ப்பரேஷன், அதாவது சொந்தமாக ஒரு நிறுவனம், பதிந்துகொண்டு வர வேண்டும். "மனைவியும் இரண்டு வயதுப் பிள்ளையும் இருக்கிறார்கள் அண்ணா, கடன் வாங்கித்தான் ட்ரெயினிங் முடித்தேன், 15 சதம் எனக்குப் பெரிய காசு" என்று நீங்கள் எழுதியிருந்த வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். 2009 இல் நானும் இதே கணக்கைப் போட்டுத்தான் என் முதல் கம்பனிக்குப் போனேன்.

பெரிய கம்பனிக்குப் போங்கள் என்பதே என் பதில். பெரியது என்பதற்காக அல்ல. ஆறு கிழமை உங்கள் பக்கத்தில் ஒருவர் இருப்பார், உங்களைத் தொழிலாளியாகப் பதிந்து சம்பளம் தருவார்கள் என்ற இரண்டு காரணங்களுக்காகச் சொல்கிறேன். அந்தச் சிறிய கம்பனி இந்த இரண்டையும் தருமானால் அங்கே போவதில் எனக்கு மறுப்பில்லை. நல்ல முதலாளிமார் நடத்தும் சிறிய கம்பனிகள் இங்கே எத்தனையோ உண்டு.

முதலில் பயிற்சியைப் பற்றிச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் 2017 ஜூலை 1 முதல் 103.5 மணி நேரக் கட்டாயப் பயிற்சி இல்லாமல் இந்த லைசென்ஸ் எடுக்க முடியாது. நான் எடுத்த காலத்தில் அதுவும் இருக்கவில்லை, ஆகவே உங்கள் தொடக்கம் என் தொடக்கத்தைவிட நல்லதுதான். ஆனாலும் அந்த மணித்தியாலங்கள் உங்களைச் சோதனையில் சித்தியடைய வைக்கின்றனவே தவிர, சாரதி ஆக்குவதில்லை. பாரம் ஏற்றிய ட்ரெய்லர் சரிவில் உங்களைப் பின்னாலிருந்து தள்ளும்போது என்ன செய்வது, ஒரு வண்டிக்கு மட்டும் இடம் விட்டிருக்கும் களஞ்சியத்து வாசலுக்கு இரவில் எப்படிப் பின்னோக்கி எடுப்பது, பாலத்தின் மேல் ஈரம்போலத் தெரிவது உண்மையில் பனிக்கட்டி என்பதை எப்படி அறிவது, இவையெல்லாம் அனுபவமுள்ள ஒருவரின் பக்கத்தில் இருந்து கற்க வேண்டியவை.

என் முதல் கம்பனியில் எனக்குக் கிடைத்தது இரண்டு நாள் அறிமுகம் மட்டுமே. 2010 ஜனவரியில் வெற்று ட்ரெய்லருடன் 17 ஆம் நெடுஞ்சாலையில், சூ செயின்ட் மரிக்கும் வாவாவுக்கும் இடையில், சுப்பீரியர் ஏரியிலிருந்து பனிக்காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு மாலையில் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். கால் பிரேக்கைத் தொடாமல் வேகத்தைக் குறைத்தால் பாதுகாப்பு என்று நினைத்து, என்ஜின் பிரேக்கைப் போட்டபடியே விட்டிருந்தேன். வழுக்கும் வீதியில், அதுவும் பாரமில்லாத வண்டியில், என்ஜின் பிரேக் இயக்கச் சில்லுகளை மட்டும் பிடித்து வழுக்க வைக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. இடது கண்ணாடியில் என் சொந்த ட்ரெய்லர் என்னை முந்த வருவதுபோல விலகி வருவதைக் கண்டேன். எதிர்த்திசையில் வாகனம் வராததாலும், கை தானாகப் போய் அந்த விசையை நிறுத்தியதாலும் வண்டி மெல்ல நேரானது. வாவாவில் நிறுத்திவிட்டு, ஓட்டங்களை ஒதுக்கும் டிஸ்பச்சரை அழைத்து நடந்ததைச் சொன்னேன். "வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருக்கிறார், மெதுவாகப் போ" என்றார். நான் போனேன். மறுக்கலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது. இன்றைக்கும் அந்த இறக்கத்தைக் கடக்கும்போது என் கை அந்த விசையைத் தேடிப் போகிறது.

மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு, தம்பி. களைப்பினால் பாதுகாப்பாக ஓட்ட முடியாத நிலையில் இருக்கும் சாரதியை ஓட்டச் சொல்வதைக் கனடாவின் வேலைநேர விதிகள் கம்பனிக்குத் தடை செய்கின்றன. ஒரு நாளில் 13 மணி நேரத்துக்கு மேல் ஓட்டவோ 14 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவோ கூடாது. 10 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும், அதில் 8 மணி நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இப்போது வண்டியிலுள்ள மின்னணுப் பதிவுக் கருவி இதைக் கணக்கெடுக்கிறது. ஆகவே நேர்முகத்தின்போது, "காலநிலை மோசமானால் நிறுத்துவதைத் தீர்மானிப்பது யார்?" என்று கேளுங்கள். "சாரதிதான்" என்று உடனே பதில் வராத இடத்தில் சேர வேண்டாம்.

இந்த விடயத்தில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. 2018 ஏப்ரல் 6 அன்று சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் இளைஞர் ஹொக்கி அணியின் பேருந்து ஒரு ட்ரக்கோடு மோதியதில் 16 பேர் உயிரிழந்தார்கள், 13 பேர் காயமடைந்தார்கள். ட்ரக்கை ஓட்டியவர் இந்தியாவிலிருந்து வந்து நிரந்தர வதிவிடம் பெற்றிருந்த இளைஞர். அந்தச் சிறிய கம்பனியில் சேர்ந்து சில கிழமைகளே ஆகியிருந்தன. அவர் நிறுத்தக் குறியைக் கவனிக்காமல் சந்திக்குள் நுழைந்தார். தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார், எட்டு ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார், 2024 இல் அவரை நாடு கடத்தவும் உத்தரவிடப்பட்டது. கம்பனி உரிமையாளருக்கு விதிக்கப்பட்டது 5,000 டொலர் அபராதம். இறந்தவர்களின் குடும்பங்களின் துயரத்துக்கு முன்னால் வேறெதுவும் பெரிதல்ல. ஆனால் போதிய பயிற்சியில்லாமல் ஒருவரை வீதிக்கு அனுப்பும்போது அதன் பாரம் யார் தலையில் விழும் என்பதை, குடியுரிமை இன்னும் கிடைக்காத நீங்கள் அறிந்திருக்க வேண்டும்.

ஆறு கிழமைப் பயிற்சி என்று சொன்னதோடும் திருப்தியடைந்துவிடாதீர்கள். நீங்கள் ஓட்டும்போது பயிற்சியாளர் பக்கத்து இருக்கையில் இருப்பாரா, பின்னாலுள்ள படுக்கையில் நித்திரை கொள்வாரா என்று கேளுங்கள். பயிற்சி என்ற பெயரில் ஒரு வண்டியை இரண்டு பேரைக் கொண்டு இரவு பகலாக ஓட வைத்து, புதியவருக்கு அரைச் சம்பளம் கொடுக்கும் இடங்களும் இருக்கின்றன. பயிற்சிக்குப் பிறகு ஒரு வருடம் நிற்காவிட்டால் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், எவ்வளவு தொகை, மாதத்துக்கு மாதம் அது குறையுமா என்பதையும் கையெழுத்திட முன்பே அறிந்துகொள்ளுங்கள்.

இனி அந்த 15 சதத்துக்கு வருவோம். கிழமைக்கு 2,500 மைல் ஓடினால் வித்தியாசம் 375 டொலர். குறைந்த காசல்ல. ஆனால் கோர்ப்பரேஷன் பதிந்துகொண்டு வரச் சொல்வதன் பொருள், அவர்களுடைய வண்டியை, அவர்கள் சொல்லும் இடத்துக்கு, அவர்கள் சொல்லும் நேரத்தில் ஓட்டும் உங்களை, அவர்களுடைய தொழிலாளி அல்ல என்று காட்டுவதுதான். இதற்கு இந்தத் துறையில் 'டிரைவர் இன்க்' என்று பெயர். மாகாண எல்லை தாண்டி ஓடும் கம்பனிகள் மத்திய அரசின் தொழிற் சட்டத்துக்குள் வருகின்றன. தொழிலாளியைத் தொழிலாளி அல்ல என்று காட்டுவதை அந்தச் சட்டம் 2021 முதல் வெளிப்படையாகத் தடை செய்கிறது. அந்தப் பாதையில் போனால், நீங்கள் கிழமைக்கு உழைக்கக்கூடிய 1,375 டொலருக்குச் சேர வேண்டிய 4 வீத விடுமுறைக் காசு, அதாவது 55 டொலர், இல்லாமல் போகும். முதலாளி கட்ட வேண்டிய ஓய்வூதியப் பங்கான 5.95 வீதத்தையும் நீங்களே கட்ட வேண்டி வரும். வருடத்துக்குப் பத்து நாள் வரை கிடைக்கக்கூடிய சம்பளத்துடனான சுகவீன விடுப்பு இராது. வேலை போனால் வேலையின்மைக் காப்புறுதியும், வேலையில் காயப்பட்டால் தொழிலாளர் காப்புறுதியும் தாமாக வந்து சேரா. கணக்காளருக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடப் பாரமானது வரி. உங்களுக்கும் கம்பனிக்கும் இடையே உண்மையில் இருப்பது முதலாளி தொழிலாளி உறவுதான் என்று வருமான வரித்துறை தீர்மானித்தால், சிறு தொழிலுக்கான வரிச் சலுகை உங்கள் கோர்ப்பரேஷனுக்குக் கிடைக்காது. அந்தக் கோர்ப்பரேஷனுக்குள் விட்டுவைத்த வருமானத்துக்கு ஒன்ராறியோவில் 44.5 வீதம் வரி வரும். செலவென்று காட்டியவற்றில் பெரும்பகுதியையும் ஏற்கமாட்டார்கள். வரித்துறையின் கடிதம் இரண்டு மூன்று வருடம் கழித்து வரும்போது, உங்களைப் பதியச் சொன்னவர் உங்களுக்காகப் பேச வரமாட்டார்.

பணத்தோடு போகாத இழப்பு ஒன்றும் இருக்கிறது. இங்கே சாரதியை வேலைக்கு எடுப்பதை முடிவு செய்வது பாதி கம்பனி, பாதி அதன் காப்புறுதி நிறுவனம். இரண்டு அல்லது மூன்று வருட அனுபவத்தை எழுத்தில் நிரூபிக்கச் சொல்லும் காப்புறுதி நிறுவனங்களே அதிகம். நான் என் முதல் கம்பனியில் எட்டு மாதம் ஓடினேன். விலகியபோது அனுபவக் கடிதம் கேட்டேன். சில கிழமைகளில் அந்தக் கம்பனியே மூடப்பட்டு, அதே வளவில் வேறு பெயரில் திறக்கப்பட்டிருந்தது. அந்த எட்டு மாதத்தை எந்த இடத்திலும் கணக்கில் எடுக்கவில்லை. நான் திரும்பவும் புதியவனாகத்தான் தொடங்கினேன். ஆகவே முதல் வருடத்தில் நீங்கள் உழைப்பது காசை மட்டுமல்ல, பின்னர் காட்டக்கூடிய ஒரு பதிவையும்தான்.

அந்தப் பதிவு உங்கள் கையிலும் இருக்கிறது. வீதிச் சோதனையில் பிடிபடும் தேய்ந்த டயரும் எரியாத விளக்கும் கம்பனியின் சி.வி.ஓ.ஆர். பதிவில், அதாவது ஒன்ராறியோ வைத்திருக்கும் பாதுகாப்புப் பதிவில், மட்டுமல்ல, உங்களுடைய பதிவிலும் ஏறும். அதனால் சேர முன்பு கம்பனியின் சி.வி.ஓ.ஆர். சுருக்கத்தை ஒன்ராறியோ போக்குவரத்து அமைச்சில் சிறு கட்டணம் செலுத்தி எடுத்துப் பாருங்கள். அமெரிக்கா போகும் கம்பனியென்றால் அதன் பாதுகாப்புப் பதிவை அமெரிக்க அரசின் சேஃபர் இணையத்தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிறகு அவர்களுடைய வளவுக்கு நேரில் போய் வண்டிகளின் டயர்களைப் பாருங்கள். அங்கே ஓடும் சாரதி ஒருவருடன் ஒரு கோப்பி குடித்து, சம்பளம் சொன்ன நாளில் வருகிறதா, களஞ்சியத்தில் காத்திருக்கும் நேரத்துக்குக் காசு உண்டா, வண்டியில் ஏதாவது உடைந்தால் சம்பளத்தில் கழிக்கிறார்களா என்று கேளுங்கள். மைல் கணக்கில் ஓடுபவருக்குக் காத்திருக்கும் நேரம்தான் பெரிய களவு. ஏற்றுமிடத்தில் ஐந்து மணி நேரம் நின்றால் 70 சதமும் 55 சதமும் ஒன்றுதான்.

அமெரிக்கப் பக்கம் ஓடினால் கூடக் காசு கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிடைக்கலாம். ஆனால் நீங்கள் இலங்கைக் கடவுச்சீட்டில் இருப்பதால், கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும் அமெரிக்க விசா வேண்டும். விண்ணப்பத்தை இப்போதே போட்டுவிட்டு, முதல் குளிர்காலத்தை மொன்றியல், வின்ட்சர் போன்ற 401 நெடுஞ்சாலை ஓட்டங்களில் கழிப்பதே உங்களுக்கு நல்லது. பிள்ளையையும் கிழமையில் இரண்டு மூன்று இரவாவது காணலாம். சோறு கறியைக் கட்டிக்கொண்டு போங்கள். வீதியில் வாங்கிச் சாப்பிடுகிற காசு மாதக் கடைசியில் உங்களைத் திடுக்கிட வைக்கும்.

பெரிய கம்பனி தந்த ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்றால் வைக்காமல் இருங்கள். நான் வெள்ளி இரவு வீட்டுக்கு வருவேன். சனிக்கிழமை காலையில் ஸ்காபரோவுக்கு அதைக் கொண்டு வாருங்கள், இருவருமாக இருந்து ஒவ்வொரு பக்கமாக வாசிப்போம்.